மைல்கல் நடக்காது

இன்னும் கை நடுங்குகிறது. ஹேண்டில்பாரின் நடுக்கம் உள்ளங்கை வழியாக ஏறி முழங்கையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, வண்டியை அணைத்தாயிற்று, சைலன்சர் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருக்கிறது, எனக்குள் மட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, சிரிப்பு வேறு தாங்கவில்லை, நாற்பத்தேழு வயது ஆள் காட்டு நடுவில் ஒற்றையாக நின்று சிரித்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான், எவன் பார்க்கப் போகிறான் இங்கே, சிரி, நன்றாகச் சிரி. அந்த ஓடை, அய்யோ, அந்த ஓடையில் முன்சக்கரம் இறங்கியதும் தண்ணீர் இரண்டு பக்கமும் மதில் மாதிரி எழுந்து, வாய்க்குள் மூக்குக்குள் எல்லாம் ஓடை, மக்கிய இலையின் ருசி, இரும்பு ருசி, அடியில் கூழாங்கல் உருண்டு வண்டி ஒரு பக்கமாகச் சாய, விழுந்தேன் என்றே நினைத்தேன், முன்னால் போன சிக்கந்தர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான், "உக்காராதடா, எந்திரிச்சு நில்லு, வண்டி அதுபாட்டுக்குப் போவும், நீ சும்மா மேல நின்னுக்கோ!" நின்றேன். ஃபுட்ரெஸ்ட் மேல் இரண்டு காலையும் ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி நின்றேன், வண்டி எனக்குக் கீழே ஆடியது, குதித்தது, உதறியது, மேலே நான் வேறு யாரோ போல மிதந்து வந்தேன், கரையேறியதும் வாய்விட்டு ஒரு கூச்சல் போட்டேன், அது என் குரல்தானா? இருபது வருஷமாகக் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டையில் அப்படி ஒரு கூச்சல் மிச்சம் இருந்திருக்கிறது.

இப்போது நான் மைல்கல். சிக்கந்தர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் ஐந்து பேர், பாதி கைவிடப்பட்ட இந்தக் காப்பி எஸ்டேட்டுக்குள் மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம், முன்னால் சிக்கந்தர், அவனுக்குக் கோபியில் மெக்கானிக் கடை, காடு முழுக்க அவன் தலைக்குள் இருக்கிறது, கடைசியில் பால் கேன் வண்டி ஓட்டுகிற குப்புராஜ், நடுவில் மூன்று பேர். பாதை பிரிகிற இடத்தில் நேராகப் போகாமல் திரும்பினால், சிக்கந்தருக்கு அடுத்து வருகிறவன் அங்கே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் நகரலாம், அதுவரை மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் நகரக் கூடாது. பிரிவில் ஆள் நிற்கவில்லை என்றால் நேராகப் போ என்று அர்த்தம். இவ்வளவுதான் சட்டம். இந்தப் பிரிவில் சிக்கந்தரே ஏதோ நினைப்பில் நேராக ஒரு இருபது முப்பது அடி போய்விட்டான், நானும் பின்னாலேயே போனேன், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தான். "இங்க லெப்ட்டு. நேராப் போனா பாலம் வரும். பாலத்துக்கு நடுவுலதான் பாலம் இல்ல. போன மழையில அடிச்சுட்டுப் போயிருச்சு. வளைவுல திரும்பின கையோட பள்ளம், பிரேக்குல கால் வெக்கறதுக்குள்ள கீழ கெடப்பான். நீ இங்கியே நில்லு." "சரி." "சரியின்னா போதாது. நீ இப்ப மைல்கல்லு. மைல்கல்லு எங்கியாச்சும் நடந்து பாத்திருக்கியா?" "இல்லீங்க சாமி." "அப்ப நில்லு," என்று சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு இடப்பக்கம் ஏறிப் போய்விட்டான், அவனுக்கும் என் வயதுதான், முன்சக்கரத்தைத் தூக்குகிற வயதா அது, தூக்கினான், எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று.

என்னை நம்பி நிறுத்தியிருக்கிறான். எனக்கு இது மூன்றாவது பயணம், முதல் இரண்டிலும் என்னை நடுவில் பொத்திப் பொத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் டீக்கடையில் குப்புராஜ்தான் சொன்னான், "இவனை ரெண்டாவது விடு சிக்கு. தூக்கமே இல்லாத ஜென்மம், பிரிவுல நிக்கறதுக்கு இவனை விட்டா ஆளு ஏது?" எல்லோரும் சிரித்தார்கள். சிக்கந்தர் மட்டும் என் கண்ணையே பார்த்தான், "லீவு போட்டுத் தூங்கிட்டுத்தான வந்தே?" "ஆமா ஆமா," என்றேன். எங்கே தூங்கினேன். மாற்று ஆள் வரவில்லை, விடிய விடிய பால் சில்லிங் சென்டரில் அமோனியா பிரஷர் மானியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேரே பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தேன், சொன்னால் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், போனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த அறை, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, எவன் வீட்டுக் குக்கரோ கூவ, உப்பு விற்கிறவன் மைக்கில் கூவ, தூக்கம் என்ற பெயரில் புரண்டு கிடக்க வேண்டும். கோதை தையல் கடைக்குப் போகும்போது நான் வருவேன், அவள் வரும்போது நான் போவேன், கதவில் சாவியைக் கைமாற்றிக் கொள்கிற புருஷன் பெண்டாட்டி. அதோ வண்டிச் சத்தம். பெலிக்ஸ், ஸ்டுடியோக்காரன், உடம்பெல்லாம் சேறு. "என்னங்க சார், டோல்கேட்டா? ரசீது குடுங்க." "லெப்ட்ல போ நாயே." என் போன் உட்பட எல்லோருடைய போனும் அவன் முதுகில் தண்ணீர் புகாத பைக்குள் குலுங்கிக்கொண்டு போகிறது. அவன் வாலைப் பிடித்தது மாதிரி நாச்சிமுத்து, வாழைமண்டிக்காரர், வண்டியைவிட அவர் அகலம். மூச்சு வாங்க நிறுத்தினார். "குப்புவுக்குச் செயினு கழண்டுக்கிச்சு தம்பி, ஓடைக்கு அந்தாண்ட. மாட்டிட்டு வந்தர்றேன், நீ போன்னுட்டான். வருவான்." "நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன்." "பாத்துக்க. யானை கீது வந்தா அதுக்கும் லெப்ட்டுனே கை காட்டு," என்று தன் ஜோக்குக்குத் தானே குலுங்கிச் சிரித்துக்கொண்டு போனார்.

அவர் சத்தமும் ஏறி இறங்கி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இனி குப்புராஜ் ஒருத்தன் பாக்கி. வெயில் இறங்கி மண்டையைப் பிடிக்கிறது, ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையிலிருந்து ஆவி பறக்கும் போல இருக்கிறது. வண்டியை அந்தப் பாறைக்குப் பின்னால் நிழலில் தள்ளி வைத்தால் என்ன? பாதையிலிருந்து நான்கு எட்டுதான், சத்தம் கேட்டதும் எழுந்து வந்து நின்றால் போயிற்று, குப்புராஜின் வண்டிச் சத்தம் ஊருக்கே கேட்கும், அதைவிட அவன் வாய்ச் சத்தம் கேட்கும். பாறை முதுகுக்குச் சில்லென்று இருக்கிறது. ஆ. சில்வண்டு. இத்தனை நேரம் எஞ்சின் சத்தத்தில் கேட்கவே இல்லை, காடு முழுக்க ஒரே இழையாக ஓடுகிறது, ஒரு வண்டா ஆயிரமா, ஆண் வண்டுக்கு வயிற்றில் இரண்டு பக்கமும் மேளத்தோல் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதை உள்ளுக்குள் இழுத்து விடுகிறதாம், ஷிப்டில் நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன், எல்லாம் அப்படிப் படித்ததுதான், பத்தாவதோடு நின்றவனுக்கு ராத்திரிதான் பள்ளிக்கூடம், அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு கம்ப்ரசர் மேனுவலையே மூன்று வருஷம் படித்தேன். இந்தச் சத்தம் நம்முடைய இரண்டாம் நம்பர் கம்ப்ரசர் மாதிரியே இல்லை? லோடு எடுத்து நிலைக்கு வந்த பிறகு ஓடுமே, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், அந்தச் சத்தம் அப்படி ஓடுகிறவரைக்கும் கண்ணை மூடலாம், தப்பில்லை, ராத்திரி வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை, கண் தூங்கும், காது தூங்காது, சத்தம் ஒரு மயிரிழை மாறினால் உடம்பு தானாக எழுந்து வால்வில் கை வைத்திருக்கும், நின்றால் கேட்கவே வேண்டாம், நின்றதும் எழுந்துவிடலாம், ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது, பிரஷர் சரியாக இருக்கிறது, குப்புராஜ் பால் கேன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், பன்னை நீட்டுகிறான், வாடா வெளியே, பகலில் உலகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிறேன் என்கிறான், வருகிறேன், இதோ, இந்த வால்வை மட்டும், இந்த ஒரு வால்வை

நின்றுவிட்டது. எழுந்து நிற்கிறேன். கை வால்வைத் தேடிக் காற்றைப் பிடிக்கிறது. சத்தம் நின்றுவிட்டது, அலாரம் எங்கே, மானி எங்கே, பச்சை, எல்லாம் பச்சை, இலை, காடு. சில்வண்டு நின்றுவிட்டது. தூங்கியிருக்கிறேன். நான்! சைலன்சரைத் தொட்டுப் பார்க்கிறேன், உட்காரும்போது விரலைச் சுட்டது, இப்போது ஜில்லென்று பாறை மாதிரி இருக்கிறது. வெயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எவ்வளவு நேரம்? சில்வண்டு சும்மா நிற்காது. ஏதாவது கடந்து போனால்தான் நிற்கும், அசைவு பட்டால்தான் நிற்கும், அப்படியானால் ஏதோ கடந்து போயிருக்கிறது, இப்போதுதான், இந்த நிமிஷம்தான். குப்புராஜ். பாறைக்குப் பின்னால் நானும் வண்டியும். பிரிவில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் நேராக. டேய். டேய் குப்பு. சத்தம் கேட்காமலா போனான்? கம்ப்ரசருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவனுக்கு வண்டிச் சத்தம் தாலாட்டுத்தானே, மூன்றாம் நம்பரும் சேர்ந்து ஓடுகிறது என்று உடம்பு நினைத்திருக்கும், இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வருகிற பழக்கமும் அவனுக்கு உண்டு, பெட்ரோல் மிச்சம் என்பான். ஓடிப்போய்ப் பாதையைப் பார்க்கிறேன். டயர் தடம் இருக்கிறது, ஏகத்துக்கு இருக்கிறது, யாருடையது? போன மாதம் ஐந்து பேரும் ஒன்றாகப் போய் ஒரே டயரை வாங்கி மாட்டினோம், மொத்தமாக வாங்கினால் குறைத்துத் தருவான் என்று, எல்லாத் தடமும் ஒரே தடம். நேர்ப்பாதையிலும் தடம் இருக்கிறது. அது சிக்கந்தர் தவறிப் போனது. அதன்மேல் நான் போனது. அதன்மேல் குப்புராஜா? கூப்பிடலாம். "குப்பூ!" காடு வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட வாயைத் திறக்கிறேன், வரவில்லை, இந்த அமைதியில் என் குரலே எனக்குப் பயமாக இருக்கிறது.

மைல்கல் நடக்காது. அவன் இன்னும் வரவில்லை என்று வை, நான் தேடிப் போய்விட்டேன் என்று வை, அவன் வருவான், பிரிவில் ஆள் இருக்காது, நேராக வருவான், நானே அவனைப் பள்ளத்துக்கு அனுப்பியதாகும். அவன் போய்விட்டான் என்று வை, நான் இங்கே சட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று வை, அங்கே பாலம் இல்லாத பாலத்துக்குக் கீழே வண்டி காலின் மேல் கிடக்க அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான், அவன் கூப்பிட்டால் யாருக்கும் கேட்குமே, ஏன் கேட்கவில்லை, கேட்கவில்லை என்றால். நினைக்காதே. நில், போ, நில், போ. வண்டி இருக்கிறதே! வண்டி நிற்கட்டும், நான் நடக்கிறேன். பாறைக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து நேர்ப்பாதைக்குக் குறுக்கே படுக்க வைக்கிறேன், நிறுத்தினால் ஒதுக்கிவிட்டுப் போவான், படுத்துக் கிடந்தால் யாராக இருந்தாலும் நிற்பான், ஹெல்மெட்டை மேலே வைக்கிறேன், உருண்டு கீழே விழுகிறது, கிடக்கட்டும். நடக்கிறேன். ஓடவில்லை, கால் ஓட மறுக்கிறது, பூட்ஸுக்குள் ஓடைத் தண்ணீர் சளக் சளக் என்கிறது. சிக்கந்தர் திரும்பிய இடம் இதோ, வட்டம் போட்ட தடம் தெரிகிறது, இதற்கு அப்பால் சருகு, சருகில் என்ன தெரியும், கல், கல்லில் என்ன தெரியும். குப்புராஜுக்கு மூன்று பெண்கள், இல்லை, அதை நினைக்காதே, அவன் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆற்றுமணலை நினை, இருபது தடவை விழுந்தேன், ஒவ்வொரு தடவையும் வந்து தூக்கிவிட்டு, "எந்திரி மாப்ள, மணலுக்கு வலிக்கும்," என்பான். பாதை இறங்குகிறது. இறக்கத்தில் நிழல், ஊற்று கசிந்து சேறு பரவிக் கிடக்கிறது, பாதை முழுக்க, ஒரு ஓரம்கூட விடாமல், இந்தச் சேற்றைத் தொடாமல் எந்த வண்டியும் போக முடியாது. பார். குனிந்து பார்.

டயர் தடம் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. முறம் அகலத்துக்கு வட்டம் வட்டமாக நான்கைந்து குழி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது, ஓரத்து மண் இன்னும் உள்ளே சரிந்துகொண்டிருக்கிறது. குழிக்கு அப்பால் உருண்டை உருண்டையாக லத்தி, ஆவி பறக்கிறது, புல்லும் மூங்கிலும் மணக்கிறது. வலப்பக்கம் மூங்கில் புதர் பிளந்து கிடக்கிறது, ஒடிந்த இடம் வெள்ளை வெளேரென்று ஈரமாக. யானை. குப்புராஜ் போகவில்லை, யானை போயிருக்கிறது! என்னைக் கடந்து, அந்தப் பாறையைக் கடந்து, நான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, நான்கு எட்டில், ஒரு மலை நடந்து போயிருக்கிறது, நாச்சிமுத்து அண்ணா, அது லெப்ட்டில் போகவில்லை அண்ணா, நேராகவே போய்விட்டது. சிரிப்பு பீறிடுகிறது, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறேன், கண்ணில் தண்ணீர், குப்பு சாகவில்லை, முதுகுத்தண்டு வழியாக ஜிலீர் என்று அமோனியா மாதிரி ஏதோ இறங்குகிறது, பயமா சந்தோஷமா, இரண்டுக்கும் ஒரே குழாய் போலிருக்கிறது. புதருக்குள் எங்கோ மூங்கில் ஒன்று மடேர் என்று முறிகிறது. வெகு பக்கம். சரி, வேடிக்கை போதும், திரும்பு, முதுகைக் காட்டாதே, இல்லை காட்டு, மெதுவாக, சருகை மிதிக்காதே, கல்லில் கால் வை, இப்போது ஓடு, ஓடு, நாற்பத்தேழு வயது எங்கே போயிற்று, இந்த மேட்டில் நான் பறக்கிறேன்.

மேட்டில் ஏறியதும் பார்த்தேன். படுத்துக் கிடக்கிற என் வண்டிக்குப் பக்கத்தில் குப்புராஜ் நிற்கிறான். அவன் வண்டி பின்னால் மரத்தில் சாய்ந்திருக்கிறது. என் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு காட்டைப் பார்த்து நிற்கிறான், பேசவில்லை. குப்புராஜ் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வருகிறேன். அவன் திரும்பினான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், ஏதோ குறைகிறதா என்று எண்ணுகிற மாதிரி. பிறகு முதுகில் ஓங்கி ஒரு அறை. "எங்கடா போய்த் தொலைஞ்சே?" சத்தமே இல்லாத காற்றுக் குரல். "வண்டி படுத்துக் கெடக்குது, ஹெல்மெட்டு உருண்டு கெடக்குது, ஆளைக் காணோம். நான் என்னன்னு நெனைக்கறது?" "யானை..." "தெரியும்டா! ஓடையைத் தாண்டி ஏர்றேன், முன்னாடி வழியை அடைச்சுட்டுப் போவுது. எஞ்சினை அமத்திப்போட்டேன். அது நடக்குது, நான் அது பின்னாடியே வண்டியைத் தள்ளிட்டு வர்றேன். அது நேரா நீ நிக்கற பக்கம் வருது. ஆரன் அடிக்கலாம்னு கையை வெச்சேன். அடிச்சா மெரண்டு ஓடி உம்மேல வந்து உளுகும். அடிக்காட்டி உனக்குத் தெரியாது. நீ கூப்புட்டது கேட்டுச்சு, பதிலுக்குக் கூப்பிடவும் முடியல, வாயிலயே வெச்சு மென்னுட்டு வந்தேன்." இவ்வளவு நேரம் நான் இந்தப் பக்கம், இவன் அந்தப் பக்கம், நடுவில் அது. "சிக்கு எப்பவும் என்ன சொல்லுவான்? மைல்கல்லு நடக்காதுன்னு சொல்லுவானா இல்லியா? நீ எதுக்குடா நடந்தே?" நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "தூங்கிப்போட்டேன் குப்பு." "யாரு?" "நான்தான். லீவு கெடைக்கல. ராத்திரி பூராவும் முழிச்சிருந்துட்டு வந்தேன், உங்ககிட்ட ஆமான்னு பொய் சொன்னேன். பாறைக்குப் பின்னால தூங்கிட்டேன். நீ நேராப் போயிட்டியோன்னு தேடிப் போனேன்." திட்டுவான் என்று நின்றேன், திட்டட்டும், இதற்குத் திட்டாமல் எதற்குத் திட்டுவது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், தோள் குலுங்குகிறது, சத்தம் வராமல் சிரிக்கிறான். "இருவது வருசமாத் தூக்கம் வரலைன்னு கொன்னு எடுப்பே. யானை போற வழியிலதான் வந்துச்சா உனக்கு?" "நல்ல தூக்கம்டா," என்றேன், உண்மையைச் சொன்னேன், கோதையிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை.

எழுந்தவன் வண்டிக்குக் கை நீட்டினான். "இரு," என்றேன். முதலில் எங்கோ தூரத்தில் ஒரு வண்டு, அறுந்து அறுந்து. அப்புறம் பக்கத்து மரத்தில் ஒன்று. அது ஒன்றை எழுப்ப, அது நான்கை எழுப்ப, கம்ப்ரசர் லோடு எடுக்கிற மாதிரி ஏறி ஏறி வருகிறது, இன்னும் வரவேண்டும், மூங்கில் பக்கத்திலிருந்து வரவேண்டும், அந்தப் பக்கம் மட்டும் ஓட்டையாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், குப்புராஜ் என் வாயைப் பார்க்கிறான், நான் காட்டைக் கேட்கிறேன். அதோ, அந்த ஓட்டையும் நிறைந்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. போய்விட்டது, தூரமாகப் போய்விட்டது. "இப்பப் போலாம்." சேர்ந்து என் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினேன், தரவில்லை, அவனே என் தலையில் கவிழ்த்தான், அவனே தாடைக்குக் கீழே வாரை இழுத்தான். கொக்கி மாட்டவில்லை. மறுபடி இழுத்தான். அவன் விரல் என் தொண்டையில் படபடவென்று அடிக்கிறது, கோழிக்குஞ்சைப் பிடித்தால் உள்ளே அடிக்குமே, அப்படி. "ஏன்டா இப்படி நடுங்குது?" என்றேன். "ஹேண்டில்பார் நடுக்கம்டா. எறங்கவே மாட்டேங்குது," என்றான். ஓடையிலிருந்து இதுவரை அவன் வண்டி அணைந்தேதான் வந்திருக்கிறது.